கேட்டால் கொடுக்க வேண்டிய எஞ்சின்

என் அத்தான் கிறகரி மூன்று கோடையாக நான்காவதாக வந்துகொண்டிருந்தார். 2005 வைகாசியிலிருந்து 2007 ஆவணி வரைக்கும் ஓடிய முப்பத்தொன்பது பந்தயத்தில் இருபத்தாறு தரம் நான்காவது. மிச்சம் ஐந்தாவது, ஆறாவது. ஒருமுறை சில்லுக் கழன்று புல்லுக்குள். பார்க்க வருகிற சனம், பாவம் மனிசன், கொஞ்சத்தில் தவறிப்போகிறது என்று பரிதாபப்படும். எனக்கு அதைக் கேட்கப் பற்றிக்கொண்டு வரும். அந்த இருபத்தாறு தரமும் அவர் வேண்டுமென்றேதான் நான்காவதாக வந்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

கிறகரி என் அக்கா ஜொய்சியின் கணவர். மன்னார் ஆள். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நிறுத்தாலும் ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்ட மாட்டார். கல்யாணப் படம் எடுக்கும்போது அவரைக் கோவில் படியில் ஏற்றி, அக்காவைக் கீழே நிறுத்தித்தான் எடுத்தார்கள் என்று நான் இன்றைக்கும் பகிடி பண்ணுவேன். அந்த உயரம் ஒரே ஒரு இடத்தில் அவருக்குக் கைகொடுத்தது. மிட்ஜெற் கார் என்பது பெரிய உடம்புக்காரர் புகுந்து இருக்க முடியாத குட்டிப் பந்தயக் கார். இரும்புக் குழாய்க் கூட்டுக்குள் ஒரு இருக்கை, நாலு சில்லு, முன்னால் ஒரு எஞ்சின், அவ்வளவுதான். கனடாவில், மொன்றியலிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில், சோளக் காட்டுக்கு நடுவே, கால் மைல் வட்டப் பாதை ஒன்று இருந்தது. கோடையில் ஞாயிறு மத்தியானம் இருபது இருபத்தைந்து குட்டிக் கார்கள் அங்கே இடப்பக்கமாகவே வளைந்து வளைந்து முப்பது சுற்று ஓடும். காலைப் பூசை முடிந்த கையோடு நாங்கள் இரண்டு பேரும் ட்றெயிலரைக் கொழுவிக்கொண்டு கிளம்பிவிடுவோம். கிழமை முழுக்க டோர்வல் விமான நிலையத்தில் ஊரார் பெட்டி தூக்குகிற எனக்கு, ஞாயிற்றுக்கிழமை அத்தானின் சில்லுத் தூக்குவது ஓய்வு என்று அக்கா நினைத்திருந்தார்.

அத்தானின் கிழமை நாட்கள் என்னுடையதைவிட மோசம். லாசாலில் தண்ணீர்க் குழாய் வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெசின் முன்னால் நிற்பார். கதவைத் திற, பித்தளைத் துண்டை வை, கதவை மூடு, பச்சைப் பொத்தானை அமத்து. நாற்பத்தெட்டு விநாடி. மறுபடியும் கதவைத் திற. பதினொரு வருடம் இதே வேலை. ஒருமுறை அந்த நாற்பத்தெட்டை நாற்பத்தொன்றாக்க ஒரு வழி கண்டுபிடித்து மேற்பார்வையாளனிடம் போய்ச் சொன்னார். உனக்குப் பொத்தான் அமத்தத்தான் சம்பளம், புரோகிராமில் கை வைக்காதே என்று அவன் சொல்லிவிட்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமலே நிலவறைக்குள் இறங்கிவிட்டார். அங்கேதான் அவருடைய எஞ்சின் இருந்தது.

இந்த எஞ்சின் கதையைச் சொல்வதற்கு முன் அந்தப் பந்தயச் சங்கத்தின் விதியைச் சொல்ல வேண்டும். முந்தி அங்கே எஞ்சினுக்கு எந்தக் கட்டுப்பாடும் இருக்கவில்லையாம். காசுக்காரர் சிலர் அமெரிக்காவிலிருந்து முப்பதாயிரம் டொலருக்குப் பந்தய எஞ்சின் இறக்கிப் பூட்டினார்கள். மற்றவர்கள் ஒரு கோடை அவர்களோடு மல்லுக்கட்டிப் பார்த்தார்கள். அடுத்த கோடை காரை விற்றுவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார்கள். இருபத்தெட்டுக் கார் ஒன்பதாகச் சுருங்கியது. ஒன்பது காரைப் பார்க்க யார் வருவான்? 2003 இல் சங்கம் புது விதி போட்டது. வீதியில் ஓடுகிற சாதாரணக் காரின் நாலு சிலிண்டர் எஞ்சினைத்தான் பூட்டலாம். உள்ளே என்ன வேலையும் செய்துகொள்ளலாம். ஆனால் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவனுடைய எஞ்சினை, அன்று ஓடி முடித்த வேறு எவனும் இரண்டாயிரத்து ஐந்நூறு டொலரை நீட்டிக் கேட்கலாம். பந்தயம் முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் கேட்க வேண்டும். கேட்டால் கொடுக்க வேண்டும். மாட்டேன் என்றால் புள்ளியெல்லாம் பறிபோகும், அந்த எஞ்சின் அந்தப் பாதையில் பிறகு ஒருநாளும் ஓட முடியாது.

நல்ல கெட்டித்தனமான விதி, சொல்லத்தான் வேண்டும். இரண்டரையாயிரத்துக்குப் பறிபோகிற பொருளில் பத்தாயிரத்தைக் கொட்ட யாருக்குப் பைத்தியம்? செலவு படுத்துவிட்டது. கார்கள் திரும்பி வந்தன. அந்த விதி வந்திராவிட்டால் அத்தானும் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்திருப்பார். அவரை உள்ளே விட்டது அதுதான். உள்ளே விட்டுவிட்டு வெளியே பூட்டுப் போட்டதும் அதுதான்.

ஏனென்றால் அவர் எஞ்சினில் கொட்டியது காசு அல்ல. கிழக்குப் பக்கம், துறைமுகத்துக்குக் கிட்ட, பழைய கார் உடைக்கிற இடத்தில் நூற்றெண்பது டொலருக்கு வாங்கியது அது. எஞ்சினின் மேற்பாகத்தை ஹெட் என்பார்கள். காற்றும் பெற்றோலும் கலந்து உள்ளே போகிற துவாரங்கள் அதில்தான் இருக்கின்றன. எல்லாரும் அந்தத் துவாரங்களை அராவிப் பெருப்பிப்பார்கள். பெரிய வாய் என்றால் நிறையக் குடிக்கும் என்ற கணக்கு. அத்தான் அதற்கு நேர்மாறாக, உலோகப் பசையை அப்பி, காயவிட்டு, விரல் நுனியால் தடவித் தடவி அராவித் துவாரத்தைச் சிறுப்பித்தார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் தடைபட்டிருந்தபோது, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்த கராஜ் ஒன்றில் அவர் வேலை செய்தவர். காற்று மெத்தனமாகப் போனால் மண்ணெண்ணெய் தூக்குப்படாது, ஒடுங்கிய வழியால் விரட்டினால்தான் அது காற்றோடு சேர்ந்து போகும் என்பது அங்கே கைக்குப் பிடிபட்டது. கால் மைல் பாதையில் கார் வளைவுக்குள் மெதுவாகி, வளைவிலிருந்து பாய்ந்து வெளியேற வேண்டும். அந்தப் பாய்ச்சலுக்கு ஒடுங்கிய துவாரம்தான் சரி என்று அவருக்குப் பட்டது. இரண்டு பனிக்காலம் அந்த வேலை நடந்தது. வளைவு சரிவர ஒரு பக்கத்து உலோகத்தை அராவி அராவி, எஞ்சினைக் குளிராக்கத் தண்ணீர் ஓடுகிற அறைக்குள் ஓட்டை விழுந்து இரண்டு ஹெட் பாழாய்ப் போயின. மேல் வீட்டு இத்தாலியன் சத்தம் பொறுக்காமல் தரையில் காலால் உதைப்பான். மூன்றாவது ஹெட் சரிவந்தது. வரைபடமும் இல்லை, அளவும் இல்லை. அவருடைய விரலுக்கு மட்டும் தெரிந்த வளைவு அது.

முதல் நாள் தனியாக ஓட்டிப் பார்த்தபோது மணிக்கூடு என் கையில்தான் இருந்தது. சுற்றுக்கு ஒரு விநாடிக்குக் கிட்ட மற்ற எல்லாரையும்விட விரைவு. நான் துள்ளிக் குதித்தேன். அத்தான் ஹெல்மெற்றைக் கழற்றி, மணிக்கூட்டைப் பார்த்து, சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே வற்றியது. விதி அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதிலிருந்து தொடங்கியது இந்த நான்காமிடச் சீவியம். கடைசி நேர்பாதையில் மூன்றாவது காரின் வாலைப் பிடித்துவிடுவார். அதற்குமேல் எஞ்சின் சத்தம் இறங்கும். காலை எடுத்துவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

“அத்தான், வேணுமெண்டுதானே காலை எடுத்தனீங்கள்?”

“பின்னை? றெஜான் இண்டைக்கு எஞ்சின் தேடிக்கொண்டு நிக்கிறான். மூண்டுக்குள்ள போனனெண்டால் உடன கழட்டிக்கொண்டு போயிடுவான்.”

றெஜான் கூரை வேலைக் கொந்திராத்துக்காரன். கெட்டவன் இல்லை. சொந்தமாக ஒரு ஆணியும் முறுக்கத் தெரியாது. விதி தந்த வசதியில் வருடத்துக்கு இரண்டு எஞ்சின் கேட்டு வாங்கிவிடுவான்.

“அப்ப ஏன் ஓடுறியள்? பேசாமல் வீட்டை வைச்சுக் கும்பிடுங்கோவன்.”

“ஓடாட்டி, அது ஓடுமெண்டு எப்பிடி மச்சான் தெரியும்?”

வென்றால் எஞ்சின் போய்விடும். வெல்லாவிட்டால் எஞ்சின் இருந்தும் இல்லாததுதான். வேறு பாதைக்குப் போகலாம் என்றால் அங்கேயெல்லாம் இன்னும் முப்பதாயிரம் டொலர் எஞ்சின்காரர்கள். மனிசன் வட்டமாக ஓடியது பாதையில் மட்டும் அல்ல.

இதில் அவர் செய்த மடைத்தனம், அக்காவிடம் விதியைச் சொல்லாமல் விட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு என்று காதில் விழுந்தால் உடனே கொடுத்துவிட்டு வாருங்கள் என்பார் என்று பயம். அக்காவோ புருசனுக்கு ஏதோ கண்ணூறு என்று முடிவுகட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் நவநாள். அது போதாதென்று 2006 மார்கழியில் மடு மாதாவுக்கு நேர்த்தியும் வைத்தார். இவர் ஒருமுறை முதலாவதாக வந்தால், மடுவுக்குப் பதிலாக மொன்றியலுக்கு மேற்கே றீகோ மலையில், பாறைக் குகைக்குள் மாதா இருக்கிற கெபிக்கு, வாகனத்தை விட்ட இடத்திலிருந்து வெறுங்காலோடு ஏறி, அவருடைய உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்த்தி. மெழுகுதிரிச் செலவு குறைவுதான் என்று நான் பகிடி விட்டேன். அத்தான் சிரிக்கவில்லை. கையில் எடுத்த கவளத்தைக் கோப்பையிலேயே வைத்துவிட்டார். மேலே ஒரு பக்கம் விண்ணப்பம் போய்க்கொண்டிருக்கிறது, அது கிடைத்தால் எஞ்சின் துலைந்தது.

2007 ஆவணி முதல் ஞாயிறு அக்காவும் வந்தார். புழுதியும் சத்தமும் ஒத்துவராது என்று அவர் வருவதே இல்லை. அன்றைக்கு ஒரு தட்டம் மீன் ரோல்ஸும் செபமாலையும் கொண்டு வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முப்பதாவது சுற்று. அத்தான் வழக்கம்போல நான்காவது. வழக்கம்போலச் சத்தம் இறங்கியது. கடைசி வளைவில் முதலாவது காரும் இரண்டாவது காரும் சில்லோடு சில்லுக் கொழுவிச் சுழன்றன. மூன்றாவது நேரே போய் அவற்றில் குத்தியது. ஒருவருக்கும் காயம் இல்லை. ஆனால் பாதையில் அத்தானுக்கு முன்னால் ஒரு குருவியும் இல்லை.

அவர் பிரேக்கை மிதித்தார். கார் ஆமை வேகத்துக்கு வந்தது. பின்னால் அரை நேர்பாதை தள்ளி ஐந்தாவதாக றெஜான் வந்துகொண்டிருந்தான். அவனை முன்னால் விட்டாலும் ஒன்றுதான், மூன்றுக்குள் வந்தாயிற்று. நின்றே விட வேண்டும். அவர் நின்றிருப்பார். ஆனால் வேலியில் அக்கா செபமாலைக் கையை மேலே தூக்கிக்கொண்டு, “போங்கோப்பா! போங்கோ!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கார் விக்கி விக்கி உருண்டு கோட்டைத் தாண்டியது. றெஜான் ஒரு கார் நீளத்தில் இரண்டாவது.

முதல் மூன்று காரையும் கயிறு கட்டிய இடத்தில் நிறுத்திவிட்டார்கள். சங்கத்து மேசையில் இருந்த பெண் மணிக்கூட்டைத் திருப்பி வைத்தாள். அரை மணித்தியாலம். அத்தான் எஞ்சினுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அக்கா எல்லாருக்கும் ரோல்ஸ் கொடுத்துக்கொண்டு திரிந்தார்.

பத்தாவது நிமிடம் ஒருவன் காசு உறையோடு வந்தான். அத்தான் கண்ணை மூடினார். வந்தவன் அவரைத் தாண்டிப் போய், இரண்டாவதாக வந்த றெஜானின் எஞ்சினைக் கேட்டான். றெஜான் சிரித்துக்கொண்டு கையெழுத்து வைத்தான். இப்போது றெஜானின் கையில் இரண்டாயிரத்து ஐந்நூறு டொலர் இருக்கிறது, காரில் எஞ்சின் இல்லை, பக்கத்தில் அத்தானின் கார், நேரமோ இன்னும் இருபது நிமிடம்.

பதினைந்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. றெஜான் கதிரையில் இருந்து அக்காவின் ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இருபத்தேழாவது நிமிடம் அத்தான் செய்த வேலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவராகவே றெஜானிடம் போனார். தன் உடைந்த பிரெஞ்சில், உனக்கு எஞ்சின் தேவை அல்லவா, என்னுடையதைக் கேட்க மாட்டாயா என்று கேட்டார்.

றெஜான் அவருடைய முதுகில் தட்டினான். “உன்னுடையதா? கோட்டைத் தாண்டவே அது செத்துச் செத்துத்தானே வந்தது? வேண்டாம் நண்பா. இன்றைக்கு உனக்கு நல்ல அதிர்ஷ்டம், வீட்டுக்குப் போய்க் கொண்டாடு” என்றான். நக்கல் இல்லை, மனதாரத்தான் சொன்னான். அதுதான் கூடச் சுட்டது.

நேரம் முடிந்தது. போகலாம் என்று மேசைப் பெண் கையைக் காட்டினாள். எஞ்சின் தப்பிவிட்டது.

திரும்பி வரும்போது நான்தான் வானை ஓட்டினேன். அக்கா மெழுகுதிரி எங்கே வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். பாலம் ஏறும்போது அத்தான் வாயைத் திறந்தார். விதி, நான்காமிடம், கால், பிரேக், எல்லாவற்றையும் கொட்டினார். அக்கா கையிலிருந்த செபமாலையைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். பிறகு பிடித்துக்கொண்டார்.

“செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையா முழங்காலில நிண்டனான். மேல மாதாவும் அந்தோனியாரும் தள்ளிவிட, கீழ நீங்கள் பிரேக் பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறியள்!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா என் தலையில் ஒரு குட்டுக் குட்டினார். ஆனால் அவர் அதோடு விடவில்லை.

“ஆரும் கேட்டிடுவினம் எண்டு பயந்தனீங்கள். இண்டைக்கு ஒருத்தரும் கேக்கேல்லைத்தானே? பேந்தேன் முகம் இப்பிடிக் கிடக்கு?”

அத்தான் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை வேலை முடிந்து அத்தான் வீட்டுக்குப் போனேன். நிலவறையில் எஞ்சினுக்கு முன்னால் கதிரை போட்டுச் சும்மா இருந்தார். கையில் ஸ்பானரும் இல்லை.

“இதுக்குள்ள என்ன இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது மச்சான். நாளைக்கு நான் செத்தனெண்டால் இது வெறும் பழைய இரும்பு. தூக்கிக்கொண்டுபோய்க் குப்பையில போடுவியள்.”

“சும்மா இருங்கோ அத்தான்.”

“உண்மையைத்தானே சொல்லுறன். அங்க பொத்தான் அமத்துறன். இஞ்ச ஒளிச்சு வைக்கிறன். ரெண்டும் ஒண்டுதான்.”

அடுத்த ஞாயிறு அக்கா வரவில்லை. பிரேக் பிடிக்காமல் விட்டால் நீங்களாகவே வெல்லலாம், அதுக்கு என்னத்துக்கு நான் என்று சொல்லிவிட்டார். போன கிழமை வென்றவரைக் கடைசியில் நிறுத்துவது அங்கே வழக்கம். அத்தான் இருபத்திரண்டாவதாக நின்றார். கொடி விழுந்தது. முதல் வளைவிலிருந்து கார் வெளியேறிய சத்தத்தில் என் பக்கத்தில் நின்றவன் பியரை இறக்கி வைத்தான். எட்டாவது சுற்றில் பன்னிரண்டாவது. பதினாறாவது சுற்றில் ஐந்தாவது. அதற்குப் பிறகு எனக்குப் பழக்கமான இடம் வந்தது, நேர்பாதையில் மூன்றாவது காரின் வால். சத்தம் இறங்கும் என்று என் காது தானாகவே காத்திருந்தது. இறங்கவில்லை. முப்பதாவது சுற்று முடியும்போது அவருக்கும் இரண்டாவது காருக்கும் இடையில் அரைப் பாதை இருந்தது. சனம் எழும்பி நின்றது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மேசைப் பெண் மணிக்கூட்டைத் திருப்பி வைக்க முந்தியே நாலு பேர் உறையோடு நின்றார்கள். நம்பர் எழுதிக் குலுக்கினார்கள். விழுந்தது, இரவல் எஞ்சினில் அன்றைக்கு ஓடி முடித்திருந்த றெஜானுக்கு. அத்தான் கையெழுத்து வைத்தார். என்னைத் தொட விடாமல் தானே ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, சங்கிலியில் கொழுவி, எஞ்சினைத் தூக்கி றெஜானின் வண்டியில் வைத்தார். கார் மூக்கறுந்து நின்றது.

றெஜான் குனிந்து அந்தத் துவாரத்துக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தான். மற்ற மூன்று பேரும் அவனுடைய தோளுக்கு மேலால் எட்டினார்கள். துவாரம் இவ்வளவு சின்னதாக இருப்பதைப் பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். றெஜான் நிமிர்ந்து கேட்டான்.

“இதை யார் செய்தது?”

அத்தான் நெஞ்சில் விரலை வைத்து, “முவா” என்றார். நான் என்று அர்த்தம்.

அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தால் என்ன? விதிப்படி எஞ்சினைத்தான் கொடுக்க வேண்டும், விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அவர் தொடங்கிவிட்டார். டோர்ச்சை வாங்கி உள்ளே அடித்தார். கையைக் குவித்து, ஒடுக்கி, வாயால் ஊதிக் காட்டினார். பசை எத்தனை தடவை அப்ப வேண்டும், எங்கே அராவினால் ஓட்டை விழும், விரல் எங்கே வழுக்க வேண்டும், எல்லாம் சொன்னார். பிரெஞ்சு தீர்ந்த இடத்தில் இங்கிலிசு, இங்கிலிசு தீர்ந்த இடத்தில் தமிழ். ஒருவன் தன் கையுறையைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். இன்னொருவன் சிகரெட் பெட்டியின் பின்னால் படம் கீறினான்.

“அத்தான், வாயை மூடுங்கோ!” என்று தமிழில் கத்தினேன். “எல்லாத்தையும் சொல்லிக் குடுத்திட்டு அடுத்த வரிசம் என்னத்தைக் கொண்டு ஓடப்போறியள்?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்டது விளங்கியது என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. றெஜானின் கையைப் பிடித்து, அவனுடைய சுட்டுவிரலைத் துவாரத்துக்குள் விட்டு, இந்த இடம், இந்த இடத்தைத் தடவிப் பார் என்றார். நான் போய் வானுக்குள் இருந்துகொண்டேன். அவர் கதைத்து முடித்து வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது.